ஒரு குசினி, ஐந்து சட்டிகள்

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கி பஸ்ஸில் செல்பவர்கள், சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் கடந்து ஒலுவிலை நெருங்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மதில்களிலும் மின்கம்பங்களிலும் "அறை வாடகைக்கு உண்டு, மாணவிகளுக்கு மட்டும்" என்று எழுதிய பலகைகள் தொங்கும். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த பிறகு, இக்கரையோரத்தின் வீடுகளுக்குப் புதியதொரு வேலை வந்து சேர்ந்தது. நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். விடுதியில் இடம் கிடையாதவர்கள் ஊருக்குள் அறை தேடுகிறார்கள். நமது பிள்ளைகள் இதனைப் "போடிங்" என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

போடிங் வீட்டில் வாடகை பேசுவது இலகு. அறையைக் கூட்டிப் பெருக்கிக் கொடுப்பதும் இலகு. ஒரே கூரையின் கீழ் வெவ்வேறு ஊர்களில் வளர்ந்த நாலைந்து பேர் முகம் கோணாமல் வாழ வழி செய்வதுதான் கடினம். அந்தப் பொறுப்பு வீட்டுச் சொந்தக்காரருக்கு உண்டா இல்லையா என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

நமது கரையோரத்தில் வீட்டுச் சொந்தக்காரர் என்றால் பெரும்பாலும் பெண்மணிதான். வீட்டையும் வளவையும் மகளின் பேரில் எழுதி, மருமகனை அந்த வீட்டுக்கே அழைத்து வருவது இங்கு முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் பொதுவான பழைய வழக்கம். மகள் குடும்பத்தோடு வெளிநாடு போனால், சீதன வீட்டைப் பார்த்துக்கொண்டு தாய் இருப்பாள். அவ்வாறு இருக்கும் ஒரு தாயின் கதையை நாம் அறிவோம். பெயர் வேண்டாம், "ராத்தா" என்றே சொல்வோம். கணவர் வயல் செய்தவர், காலமாகிவிட்டார். மகள் கட்டாரில். வீட்டின் மூன்று அறைகளிலும் ஐந்து மாணவிகள். அந்த வாடகைதான் ராத்தாவின் மருந்துக்கும் மாதச் செலவுக்கும்.

ஐவரில் இருவர் புத்தளத்துப் பிள்ளைகள், ஒருத்தி வவுனியா, ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி ஹற்றன். முதலிருவர் ராத்தாவை "உம்மா" என்றார்கள். ஏனைய மூவரும் "அம்மா" என்றார்கள். குசினி ஒன்று, அடுப்பு ஒன்று, சட்டிகள் ஐந்து. ஆறு மாதம் குறையின்றிப் போயிற்று.

வெள்ளிக்கிழமைச் சட்டி

நோன்பு மாதம் வந்தது. அதே மாதத்தில் வவுனியாப் பிள்ளைக்கு இறுதியாண்டுப் பரீட்சையும் நெருங்கியது. இரவு ஒரு மணிவரை படித்துவிட்டுப் படுப்பவளுக்கு, ஸஹருக்காக மூன்றரை மணிக்கே குசினியில் விளக்கு எரிவதும் சட்டி முட்டி உருளுவதும் தூக்கத்தைக் கெடுத்தன. அவள் வாய் திறக்கவில்லை. பகலில் கதவைச் சற்று ஓங்கி அடித்தாள். நோன்பு நோற்றுக் களைத்துப் பிற்பகலில் கண்ணயர்ந்த மற்றவர்களுக்கு அது உறைத்தது. அவர்களும் வாய் திறக்கவில்லை. வாய் திறவாத கோபம் உலைமூடி போன்றது. எப்போது தள்ளும் என்று தெரியாது.

ஒருநாள் விடியற்புறத்தில் அது தள்ளியது. புத்தளத்துப் பிள்ளைகளுள் இளையவள் தூக்கக் கலக்கத்தில் தட்டில் கைக்கு அகப்பட்ட சட்டியை எடுத்து, முதல்நாள் மாட்டிறைச்சிக் கறியை அதில் சுடவைத்தாள். அது வவுனியாப் பிள்ளையின் சட்டி. அன்று வெள்ளிக்கிழமை. அப்பிள்ளை வெள்ளி தோறும் விரதம் இருப்பவள். அதற்கென்றே தாய் வாங்கிக் கொடுத்த சட்டி அது. காலையில் கண்டாள், அழுதாள். "வேண்டுமென்றே செய்தாய்" என்றாள். மற்றவள், "எங்கள் சாப்பாடு உனக்கு அசிங்கமா?" என்றாள். அந்த இரண்டு வசனங்களுக்குப் பிறகு அது சட்டிச் சண்டையாக இருக்கவில்லை.

மாலைக்குள் தொலைபேசிகள் பேசின. ஒரு பக்கத்துத் தமையன், "அந்த ஊரில் உனக்கு என்ன இருப்பு, வீட்டுக்கு வா" என்றார். மறு பக்கத்தில் அடுத்த வளவுக்காரர் ராத்தாவிடம் வந்து, "நம்மட புள்ளைகள மட்டும் வெச்சிருந்தா இந்தத் தொல்லை வருமா?" என்றார். 1985இலும் 1990இலும் இக்கரையில் இரு சமூகங்களுக்கும் நேர்ந்ததை அறிந்தவர்களுக்கு, இத்தகைய பேச்சுகள் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்க, வவுனியாப் பிள்ளை பெட்டி கட்டத் தொடங்கினாள்.

ராத்தா செய்த மூன்று பிழைகள்

ராத்தா நல்லவர். ஆயினும் முதல் இரண்டு நாளில் அவர் செய்தவை எல்லாம் எரிகிற நெருப்புக்கு ஓலை இட்டவையே. அவற்றை அவரே பின்பு நம்மிடம் எண்ணிச் சொன்னார்.

முதலாவது, அழுதவளைத் தனியே அழைத்து, "கொஞ்சம் பொறுத்துக்கொள் மகள்" என்றார். சச்சரவு வந்தால் சத்தம் குறைந்தவரைப் பொறுக்கச் சொல்வது நமது குடும்பங்களில் பழகிப்போன வழி. உடன் பலன் தருவதுபோல் தோன்றும். ஆனால் பொறுக்கச் சொல்லப்பட்டவர் கேட்பது, "உன் குறை இந்த வீட்டில் கணக்கில் இல்லை" என்பதையே.

இரண்டாவது, ஒருத்தி சொன்னதை மற்றவளிடம் கொண்டுபோனார், சமாதானத்துக்காகத்தான். ஆனால் காவிச் செல்லும் சொல், வழியில் ஊறிப் பெருக்கும். "மனம் நொந்து போனேன்" என்று புறப்பட்டது, மறு அறையில் "இந்த வீடு சரியில்லையாம்" என்று போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது பிழை, இவ்விரண்டுக்கும் முந்தியது. அந்தச் சட்டியின் விஷயம் ராத்தாவுக்கு முதல்நாளே தெரியும். பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட அன்று, வவுனியாத் தாய் குசினியில் நின்று, "இது வெள்ளிக்கிழமைக்கு வைத்த சட்டி அம்மா, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் போயிருந்தார். ராத்தா தலையாட்டினார், மற்றவர்களிடம் சொல்ல மறந்தார். சட்டியை எடுத்தவள் அறியாமல்தான் எடுத்தாள். அறிந்திருந்த ஒரே ஆள் வீட்டுச் சொந்தக்காரர்.

இதை உணர்ந்த இரவு தமக்குத் தூக்கம் வரவில்லை என்றார் ராத்தா. அப்போது அவருக்குக் கணவரின் ஞாபகம் வந்தது.

வட்டையிலிருந்து வந்த யோசனை

நமது மாவட்டத்தில் நெல் விதைக்குமுன் ஆரம்பக் கூட்டம் நடைபெறுவதை வாசகர்கள் அறிவீர்கள். வாய்க்கால் எப்போது திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, மாடுகளை எப்போது வட்டையை விட்டு அகற்றுவது, தண்ணீர் எந்த நாளில் நிறுத்துவது, இவையெல்லாம் விவசாயிகள் முன்னிலையில் பேசித் தீர்மானித்து எழுதப்படும். பிறகு பிணக்கு வந்தால், "நீ நல்லவனா, நான் நல்லவனா" என்று வாதிட வேண்டியதில்லை. எழுதியதைப் பார்த்தால் போதும். ராத்தாவின் கணவர் அக்கூட்டங்களுக்குத் தவறாமல் போனவர். "வட்டையில விதைக்க முந்திக் கூடுறோம், வீட்டில மட்டும் சண்டை விளைஞ்ச பிறகு கூடுறோமே" என்றார் ராத்தா நம்மிடம். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இக்கட்டுரையை எழுத நினைத்தோம்.

இந்த யோசனைக்கு நமது மண்ணிலேயே பெரியதொரு சாட்சியம் உண்டு. சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து இறங்கும் கல்லோயா இடதுகரை வாய்க்கால், 1970களின் முடிவில் சீர்கெட்டுக் கிடந்தது. மேல்வாயில் இருந்தவர்கள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள, கடைவாய் வயல்கள் காய்ந்தன. மேல்வாயில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைவாயில் தமிழ் விவசாயிகள். 1981இல் கொழும்பின் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே ஒரு முயற்சியைத் தொடங்கின. படித்த இளைஞர்கள் விவசாயிகளோடு போய்த் தங்கினார்கள். சங்கம் அமைக்கவோ தலைவர் தேர்தல் நடத்தவோ அவர்கள் முந்தவில்லை. ஒரே வயல்வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டி, "இங்கே உங்களுக்கு முதல் தொல்லை எது?" என்று கேட்டார்கள். அதைச் சேர்ந்து தீர்த்த பிறகே, எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு பிரதிநிதியைத் தெரிந்தார்கள். அந்த ஆண்டுச் சிறுபோகத் தொடக்கத்தில் குளத்தில் கால்பங்கு நீர்தான் இருந்தது. அந்தப் பஞ்சத்திலும் விவசாயிகள் வாய்க்கால்களைத் துப்புரவாக்கி, முறைவைத்துத் தண்ணீர் எடுத்து, மிச்சத்தைக் கீழே விட்டார்கள்.

எலினோர் ஒஸ்ற்றம் என்ற அமெரிக்க அறிஞர், பொதுச் சொத்தை மக்கள் தாமே எப்படிப் பங்கிட்டு ஆளுகிறார்கள் என்று உலகெங்கும் ஆராய்ந்து 1990இல் வெளியிட்ட நூலில் கல்லோயாவும் இடம்பெற்றது. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. நீண்டகாலம் நிலைத்த ஏற்பாடுகளில் அவர் கண்ட பொதுத்தன்மைகள் சில உண்டு. எது எவருடையது என்ற எல்லை தெளிவாக இருக்கும்; விதிக்குக் கட்டுப்படுவோரே விதி அமைப்பதிலும் பங்கு கொள்வர்; மீறியவருக்கு முதலில் சிறு கண்டனம், பிறகே பெரியது; பிணக்கு வந்தால் செலவின்றி உடனே தீர்க்க ஓர் இடம் அருகிலேயே இருக்கும். வாய்க்காலுக்குச் சொன்ன இவை குசினிக்கும் பொருந்துமல்லவா?

விறாந்தையில் ஒரு கூட்டம்

சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா ஐவரையும் விறாந்தையில் பாய் விரித்து இருத்தினார். அதற்கு முன், ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியே அரை மணி நேரம் காது கொடுத்தார். ஒருத்தி சொன்னதை மற்றவளிடம் சொல்லவில்லை. வாசகர்கள் இந்த ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். தனியே கேளாமல் கூட்டம் கூட்டினால் எல்லாரும் சபை நடுவே வெடிப்பார்கள். தனியே கேட்டதோடு நிறுத்தினால் சொந்தக்காரர் தூதுவராகிப் போவார்.

கூட்டத்தில் முதலில் பேசியவர் ராத்தாவே. "சட்டியப் பத்தி எனக்குத் தெரியும். நான் சொல்லல்ல. முதல் பிழை என்ட பிழை" என்றார். வீட்டுக்காரர் வாயிலிருந்து அது வந்ததும் குற்றவாளியைத் தேடும் வேலை நின்றுவிட்டது. சட்டியை எடுத்தவள் தானாகவே, "எனக்குத் தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன் அக்கா" என்றாள். விரதக்காரி, "தூக்கமில்லாத கோபத்தில் சொல்லிவிட்டேன்" என்றாள்.

பின்பு விஷயங்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஆளைப் பற்றிப் பேசக்கூடாது, பொருளையும் நேரத்தையும் பற்றியே பேச வேண்டும் என்பது ராத்தா இட்ட ஒரே கட்டளை. "நீ சத்தம் போடுகிறாய்" என்பதற்குப் பதில், "மூன்றரை மணிக்குச் சட்டிச் சத்தம் என் தலைமாட்டில் கேட்கிறது" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போதே பாதி மருந்தும் தெரிந்துவிடுகிறது. தலைமாட்டை மாற்றலாம், ஸஹர்ச் சமையலை இரவே முடித்து, விடியற்புறத்தில் சூடாக்குவதை மட்டும் பின்பக்கத்துப் பழைய குசினியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் நடந்தன.

பேசப் பேச இன்னொன்றும் வெளிப்பட்டது. பாதிச் சண்டைக்குக் காரணம் பிள்ளைகள் அல்ல, வீடு. ஐந்து பேருக்கு ஒரே அடுப்பு; சாமான் வைக்க ஒரே தட்டு; ஒரே மின்மானி. நமது நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிபடியாக ஏறுவது. அலகுகள் கூடக் கூட, ஒவ்வோர் அலகின் விலையும் கூடும். ஒருத்தி நாள் முழுதும் கணினி வைத்திருந்தால் வீட்டுக் கணக்கே மேற்படிக்கு ஏறும். கட்டணமோ ஐந்தாய்ப் பிரியும். மின்விசிறி கூடப் போடாத ஹற்றன் பிள்ளை ஆறு மாதமாக இதை மனதில் வைத்துப் புழுங்கியது அன்றுதான் தெரிந்தது. ராத்தா இன்னோர் அடுப்பு வாங்கினார். ஐந்து பூட்டுத் தட்டுகள் அடித்தார். ஒவ்வோர் அறைக்கும் சிறு மின்மானி பொருத்தினார். ஒரு மாத வாடகை செலவாயிற்று. ஓர் அறை ஒரு தவணை வெறுமையாகக் கிடந்தால் போகும் பணத்தோடு பார்த்தால் அது அற்பம்.

தீர்மானித்தவற்றை ஒரு தாளில் எழுதி, ஐவரும் ராத்தாவும் ஒப்பமிட்டு, குசினிக் கதவில் ஒட்டினார்கள். எந்தச் சட்டி யாருடையது, விளக்கணைக்கும் நேரம், தொழுகைக்கும் படிப்புக்கும் அமைதி வேண்டிய வேளைகள், துப்புரவு முறை, விருந்தினர் வருகை, மீறினால் என்ன என்பன அதில் இருந்தன. முதல் முறை நினைவூட்டல். இரண்டாம் முறை அந்த வாரத் துப்புரவு. அதற்கும் மேல் என்றால் மீண்டும் விறாந்தைக் கூட்டம். மாதந்தோறும் வாடகை கொடுக்கும் நாளில் அத்தாளை ஒருமுறை வாசிப்பதென்றும் முடிவாயிற்று.

எல்லாம் சுபமாய் முடிந்தது என்று சொன்னால் வாசகர்கள் நம்பமாட்டீர்கள். புத்தளத்துப் பிள்ளைகளுள் மூத்தவள் அடுத்த தவணையில் விடுதிக்குப் போய்விட்டாள். மனம் முழுதும் ஒட்டவில்லை. ராத்தா முற்பணத்தை ஒரு சதமும் குறையாமல் திருப்பிக் கொடுத்து, பெருநாளுக்கு வரச் சொல்லி அனுப்பினார். வவுனியாப் பிள்ளை கட்டிய பெட்டியை அவிழ்த்துப் பரீட்சை எழுதினாள். அவள் எழுதப்போன முதல்நாள் விடியலில் அவளைத் தட்டி எழுப்பியவள், சட்டியை எடுத்த அதே பிள்ளை. ஸஹருக்கு எழுந்தவள் பிறகு தூங்கவில்லையாம்.

சட்டம் சொல்வது என்ன?

நிற்க. எல்லாச் சச்சரவும் பாயில் இருந்து பேசித் தீர்வதல்ல. வீட்டுச் சொந்தக்காரர்கள் மூன்று விஷயங்களை நினைவில் வைத்திருத்தல் நன்று.

கோபத்தில் ஒருவரின் சாமானை வெளியே வைத்துக் கதவைப் பூட்டுவது ஆபத்தான காரியம். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின்கீழ், அமைதிக்குப் பங்கம் விளையக்கூடிய காணி, வீட்டுப் பிணக்குகள் நீதிவான் முன் வரலாம். அவ்வாறு வருவதற்கு முந்திய இரண்டு மாதத்துள் இருப்பவரைப் பலவந்தமாக வெளியேற்றியிருந்தால், அவரை மீள இருத்தும்படி கட்டளையிட மன்றுக்கு அதிகாரம் உண்டு. ஆகவே, வெளியேற வேண்டிய நிலை வந்தால் எவ்வளவு கால முன்னறிவித்தல், முற்பணம் எப்போது திரும்பும் என்பதை முதல்நாளே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு முற்றி வீட்டுக்குள் தீராது போனால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சபை அது. ஒவ்வொரு தரப்பும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிய, அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவர். அங்கே தீர்ப்பு இல்லை, இணக்கமே உண்டு. இந்த முறையை வீட்டிலும் கையாளலாம். சொந்தக்காரர் மீதே ஒருவருக்கு மனக்குறை இருந்தால், அப்பிள்ளை நம்பும் ஓர் ஆசிரியரையோ உறவினரையோ விறாந்தைக்கு அழைத்து அருகில் இருத்துவதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். சச்சரவு வேறு, கொடுமை வேறு. மூத்த மாணவர் இளையவரை அச்சுறுத்துவதும் இழிவுபடுத்துவதும் "உள்வீட்டுப் பிரச்சினை" அன்று. பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அடி, களவு, மிரட்டல் ஆகியவற்றுக்கும் அவ்வாறே. அங்கே இரு பக்கத்தையும் சமமாக இருத்திப் பேசுவது நீதியல்ல. பாதிக்கப்பட்டவரை முதலில் பாதுகாத்து, பல்கலைக்கழகத்துக்கும் பொலிசாருக்கும் பெற்றாருக்கும் அறிவிப்பதே கடமை.

மாணவருக்கும் ஒரு சொல்

இதுவரை சொந்தக்காரருக்குச் சொன்னோம். அறை தேடும் மாணவர்களே, வாடகையும் தண்ணீரும் மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். உங்களோடு இருக்கப்போகிறவர்களிடம் உங்கள் தூக்கத்தையும் உணவையும் வழிபாட்டையும் பற்றி முதல்நாளே வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்வது வெட்கமன்று. சொல்லாமல் வைத்திருந்து ஒருநாள் பிறர்மேல் கொட்டுவதுதான் வெட்கம். பெற்றோரும், பிள்ளை அழுது தொலைபேசியில் பேசிய அன்றே "பெட்டியைக் கட்டு" என்று சொல்லாமல், ஒரு சனிக்கிழமை பொறுத்துப் பார்க்கலாம்.

நமது கரையில் மீண்டும் பிள்ளைகள் கலந்து வாழ்கிறார்கள். எத்தனையோ மகாநாடுகள் போட்டும் கிட்டாத பழக்கம், இந்தப் போடிங் வீடுகளின் குசினிகளில் நாள்தோறும் மெல்ல விளைகிறது. அதைக் காப்பதும் கருக்குவதும் அடுப்படியில் நிற்பவர் கையில் இருக்கிறது.

ராத்தாவின் குசினிக் கதவில் அந்தத் தாள் இப்போதும் இருக்கிறது. எண்ணெய்ப் புகை படிந்து மங்கிவிட்டது. புதிய மாணவிகள் வரும்போதெல்லாம் புதிதாய் எழுதி, அதன் மேலேயே ஒட்டுகிறார். முதல் வரி மட்டும் மாறுவதில்லை: "வெள்ளிக்கிழமைச் சட்டி இடப்பக்கத் தட்டில்." வவுனியாப் பிள்ளை பட்டம் பெற்றுப் போய்விட்டாள். சட்டியை விட்டுப் போயிருக்கிறாள். இன்னொருத்திக்கு உதவும் என்று.